தொழில் பாடம்: கல்யாண வீட்டில் கேண்டிட் படம்



சென்ற கூட்டமைப்புக் கூட்டத்தில் மந்தைவெளிக் குழுவைச் சேர்ந்த ஒரு சகோதரி எழுந்து கேட்டார். "தையல், ஊறுகாய், மசாலாப் பொடி, ஆரி வேலை எல்லாம் பாடமாப் போட்டாச்சு. என் பொண்ணு கேமரா வாங்கித் தரச் சொல்றா. கல்யாணத்துல கேண்டிட் எடுத்தா நல்ல காசுங்கறா. குழுக் கடன் எடுத்து வாங்கித் தரலாமா, வேணாமா?" கூட்டத்தில் பாதிப் பேர் சிரித்தார்கள். மீதிப் பேர் "எங்க வீட்லயும் இதே கதைதான்" என்றார்கள். நான் ஆறு வருடமாக இந்தத் தொழிலில் இருப்பதால் இந்தப் பாடத்தை என்னை எழுதச் சொன்னார்கள். ஒருவர் உரக்கப் படியுங்கள். மற்றவர்கள் நடுநடுவே நிறுத்தி, கேள்வி கேட்டுப் பேசுங்கள்.

கேண்டிட் என்றால் என்ன?

கேமரா இருப்பதை மறந்து மனிதர்கள் தம்பாட்டில் இருக்கும்போது எடுக்கும் படம்தான் கேண்டிட். "இங்க பாருங்க, ரெடி, ஸ்மைல்" என்று சொல்லி எடுப்பது இதில் சேராது. நடப்பது நடந்தபடி, பத்திரிகைக்காரர் செய்தி சேகரிப்பது மாதிரி, கல்யாணத்தைப் படத்தில் சேகரிக்க வேண்டும்.

அந்தக் காலத்துப் படக்காரர்களுக்கு இது தெரியாது என்று நினைக்காதீர்கள். பெரிய ஃபிலிம் ரோலில் 12 படம், சின்ன ரோலில் 36 படம், அவ்வளவுதான். ஒவ்வொரு 'கிளிக்'குக்கும் ஃபிலிம் காசு, கழுவும் காசு, பிரிண்ட் காசு. ஒரு தடவை அடித்தால் ஃபிளாஷ் மறுபடி சார்ஜ் ஆகச் சில வினாடி காத்திருக்க வேண்டும். இத்தனை கட்டுப்பாட்டில் நிற்க வைத்து எடுத்தால்தான் படம் நிச்சயம். என் அம்மா கல்யாண ஆல்பத்தில் 24 கருப்பு வெள்ளைப் படங்கள் இருக்கின்றன. ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. எல்லாரும் வாக்காளர் அட்டைக்கு நிற்பது மாதிரி நிற்கிறார்கள். தாலி கட்டும்போது தாத்தா தேம்பி அழுதாராம். பாட்டி சொல்லித்தான் தெரியும், படத்தில் இல்லை.

டிஜிட்டல் கேமரா வந்த பிறகு அந்தச் செலவுக் கணக்கு மாறியது. ஒரு மெமரி கார்டில் ஆயிரக்கணக்கில் எடுக்கலாம், வேண்டாததை அழிக்கலாம். 2010-ஐ ஒட்டிய வருடங்களில் சென்னையில் கல்யாணச் செலவுப் பட்டியலில் 'கேண்டிட்' என்று தனி வரி விழ ஆரம்பித்தது. கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு இதற்கு வந்த பிள்ளைகளும் உண்டு. இன்று தி.நகர், மயிலாப்பூர், அடையாறு மண்டபங்களில் வசதியுள்ள வீட்டுக் கல்யாணம் என்றால் இரண்டு குழு நிற்கும். மேடையில் வரிசையாக நிற்பவர்களை எடுக்க 'ட்ரெடிஷனல்' குழு. மற்றதையெல்லாம் எடுக்க 'கேண்டிட்' குழு.

இப்போது ஒரு புதுக் கூத்தும் நடக்கிறது. "கேமராவைப் பார்க்காத மாதிரி பாருங்க, இயல்பாச் சிரிங்க, ஒன்ஸ் மோர்" என்று சொல்லி எடுத்து, அதற்கும் கேண்டிட் என்று பில் போடுகிறார்கள். பழைய 'ரெடி ஸ்மைல்'தான் வேறு சட்டை போட்டு வந்திருக்கிறது. கேட்கிறவர்களுக்கு அதையும் எடுத்துக் கொடுங்கள், தப்பில்லை. ஆனால் நமக்கு வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டு முன்னோடிகள்

ஹென்றி கார்த்தியே-பிரெஸ்ஸோன் என்று பிரான்ஸ் நாட்டுப் படக்காரர் ஒருவர் (1908–2004). 1950 ஏப்ரலில் நம் திருவண்ணாமலைக்கு வந்து, ரமண மகரிஷியின் கடைசி நாட்களைப் படம் எடுத்தவர். சின்ன லைக்கா கேமரா வைத்திருப்பார், ஃபிளாஷ் போட மாட்டார். கேமராவின் பளபளப்பு யார் கண்ணையும் இழுக்கக் கூடாது என்று அதன் மேல் கருப்பு டேப் ஒட்டியிருப்பார். ஒரு நிகழ்ச்சியின் உயிர் முழுவதும் கூடி வருகிற அந்த ஒரு கணத்துக்குக் காத்திருப்பதுதான் அவர் தொழில். கெட்டிமேளத்துக்குக் காத்திருக்கும் நமக்கு அவரை விட்டால் வேறு வாத்தியார் யார்?

இன்னொருவர் ஹோமாய் வியாரவாலா. 1913-இல் குஜராத்தின் நவ்சாரியில் பிறந்தவர், இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர். புடவை கட்டிக்கொண்டு, கனமான கேமராவைத் தூக்கிக்கொண்டு, டெல்லியில் ஆண்கள் கூட்டத்துக்கு நடுவே நின்று சுதந்திரம் வந்த நாட்களைப் படமாக்கினார். புதிதாக வந்த படக்காரர்களின் நடத்தை பிடிக்காமல் 1970-இல் தொழிலை விட்டார். 2011-இல் பத்ம விபூஷண் விருது, 2012-இல் காலமானார். "புடவையோட எப்படிம்மா ஓடி ஓடி எடுப்பே?" என்று கேட்பவர்களிடம் இவர் பெயரைச் சொல்லுங்கள். (நான் சுடிதார்தான் போடுகிறேன், அது வேறு விஷயம்.)

நமக்கு இதில் என்ன இடம்?

கேண்டிட்டுக்கு கேமரா அறிவு பாதிதான். அடுத்து என்ன நடக்கப் போகிறது என்று முன்கூட்டியே தெரிவது மீதிப் பாதி. அந்தப் பாதியை நாம் பிறந்ததிலிருந்து கற்று வந்திருக்கிறோம். எந்த அத்தை எந்த நேரத்தில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள், சீர்வரிசைத் தட்டை யார் எண்ணிப் பார்ப்பார்கள் என்பதெல்லாம் எந்தக் கல்லூரியில் சொல்லித் தருவார்கள்?

மயிலாப்பூர் ஐயர் வீட்டுக் கல்யாணத்தை எடுத்துக்கொள்வோம். காசி யாத்திரையில் மாப்பிள்ளை குடையும் கைத்தடியுமாகக் கிளம்புவார், பெண்ணின் அப்பா வழிமறிப்பார். எல்லாருக்கும் சிரிப்பு வரும் இடம் அது. மாலை மாற்றலில் மாமாக்கள் தூக்கிப் பிடித்து ஆட்டம் காட்டுவார்கள். இங்கே இரண்டு அடி பின்னால் நிற்காவிட்டால் தலைதான் வெட்டுப்படும். ஊஞ்சலில் மாமிகள் பாடுவார்கள், பாலும் பழமும் கொடுப்பார்கள், கலர் சாத உருண்டையைச் சுற்றி எறிவார்கள். அப்போது ஊஞ்சலை எல்லாரும் எடுப்பார்கள், பாடும் முகங்களை நீங்கள் எடுங்கள். கன்னிகாதானத்தில் பெண் அப்பா மடியில் உட்காருவாள். அம்மா தண்ணீர் வார்ப்பார். அந்தக் கை நடுங்கும். வாத்தியார் கையை உயர்த்தினால் அடுத்த வினாடி கெட்டிமேளம். முதல் முடிச்சை மாப்பிள்ளை போட, மற்ற இரண்டை நாத்தனார் போடுகிற வழக்கம் பல வீடுகளில் உண்டு. ஆகவே நாத்தனார் எந்தப் பக்கம் நிற்பார் என்று முன்பே கேட்டு வையுங்கள், இல்லாவிட்டால் அவர் முதுகைத்தான் படம் எடுப்பீர்கள்.

சாதிக்குச் சாதி, வீட்டுக்கு வீடு வழக்கம் மாறும். முதல் நாளே குடும்பத்தில் ஒரு பெரியவரிடம் உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். 1967-ஆம் வருடச் சட்டத் திருத்தத்தால் செல்லும்படியான சுயமரியாதைத் திருமணம் என்றால் இன்னும் கவனம் வேண்டும். உறுதிமொழி, மாலை மாற்றல் எல்லாம் சில நிமிடத்தில் முடிந்துவிடும். டீ குடித்துவிட்டு வரலாம் என்று போனால் கல்யாணம் முடிந்திருக்கும்.

இன்னொரு இடம், மணப்பெண் அறை. ஆண் படக்காரர் வாசலோடு நிற்க வேண்டிய அந்த அறைக்குள் நம்மைக் கூப்பிட்டு உட்கார வைப்பார்கள். பெண்ணுக்கு ஜடை பின்னும் சித்தியும், கண்ணாடி முன்னால் ஒரு நிமிடம் பேச்சற்று நிற்கும் பெண்ணும் நமக்கு மட்டும் கிடைக்கும் படங்கள். உடை மாற்றும்போது கேமராவை மூடிப் பைக்குள் வைத்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள். "பரவால்ல, இருங்க" என்றாலும் வாருங்கள். அந்த அறைக்குள் செல்போனை வெளியே எடுக்கவே கூடாது. அனுமதியில்லாமல் ஒருவரின் அந்தரங்கத்தைப் படம் எடுப்பதோ பரப்புவதோ தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66-இ பிரிவில் குற்றம். 3 வருடம் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கும். சட்டம் இருக்கட்டும், ஒரு படம் வெளியே போனால் அந்தப் பெண்ணின் வாழ்க்கையே ஆட்டம் காணும். அதற்கப்புறம் எந்தப் பெண் படக்காரரையும் அந்தத் தெருவில் உள்ளே விட மாட்டார்கள்.

வெளிச்சம்

மண்டபங்களில் வெளிச்சம் இருப்பது மாதிரித் தெரியும். நம் கண் ஏமாற்றும், கேமரா ஏமாறாது. மூன்று திருகுகளைப் புரிந்துகொண்டால் போதும்.

லென்ஸின் வாய், அதாவது அப்பர்ச்சர். எண் சிறியதானால் வாய் பெரியது. கேமராவோடு வரும் ஜூம் லென்ஸை முழுதாக இழுத்தால் 5.6-தான் கிடைக்கும். விலை குறைந்த 50 மி.மீ. லென்ஸ் 1.8 வரை திறக்கும். அது ஏறக்குறைய 10 மடங்கு வெளிச்சம் உள்ளே வாங்கும். அதனால் முதலில் வாங்க வேண்டியது அந்தச் சின்ன லென்ஸ்தான். ஆனால் 1.8-இல் பெண் முகம் தெளிவாக இருந்தால் பக்கத்தில் சற்றுத் தள்ளி இருக்கும் மாப்பிள்ளை முகம் மங்கிப்போகும். இரண்டு பேர் என்றால் 2.8-க்கு வாருங்கள்.

ஷட்டர் வேகம் என்பது கதவு எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பது. முடிச்சுப் போடும் கை ஆடும், அட்சதை பறக்கும். 1/200 வினாடியாவது வேண்டும். சும்மா உட்கார்ந்திருக்கும் பாட்டிக்கு 1/100 போதும். நம் ஊர் மின்சாரம் 50 சுற்று. அதனால் பல விளக்குகள் வினாடிக்கு 100 தடவை மினுக்கும். வேகத்தை ரொம்ப ஏற்றினால் சில எல்.இ.டி. விளக்குகளில் படத்தின் குறுக்கே கருப்புப் பட்டை விழும். 1/100-க்கு இறக்கினால் பெரும்பாலும் போய்விடும். மண்டபத்துக்குப் போனதும் நான்கு படம் எடுத்துச் சோதித்துக்கொள்ளுங்கள்.

ஐ.எஸ்.ஓ. என்பது கேமராவின் கண் கூர்மை. வெளிச்சம் குறைந்தால் 1600, 3200 என்று ஏற்ற வேண்டும். ஏற்றினால் ரவை கொட்டின மாதிரிப் புள்ளி விழும். விழுந்துவிட்டுப் போகட்டும். புள்ளி விழுந்த படத்தை ஆல்பத்தில் வைக்கலாம், கலங்கிய படத்தை ஒன்றும் செய்ய முடியாது.

இதை நான் அடிபட்டுத்தான் கற்றேன். முதல் வேலை தி.நகரில், ஒரு ஸ்டூடியோவுக்குத் துணைப் படக்காரராகப் போனேன். மேடைக்குக் குறுக்காக நல்ல இடம் பிடித்து, முட்டி போட்டு உட்கார்ந்திருந்தேன். ஹோமப் புகைக்காக ஏதோ மாற்றியபோது ஷட்டர் 1/30-க்கு இறங்கியிருந்தது, பார்க்கவில்லை. கெட்டிமேளம் கொட்டியது. எழுந்து நின்ற கூட்டத்தின் செல்போன்களுக்கு நடுவே 40 படம் எடுத்தேன். நாற்பதும் கலங்கல். நல்லவேளை, பெரியவர் எடுத்தது இருந்தது. எனக்குப் பாதிக் கூலிதான் கொடுத்தார்கள். அது நியாயமா என்று இன்றைக்கும் எனக்குத் தீர்மானமாகத் தெரியவில்லை. ஆனால் அன்றிலிருந்து ஒவ்வொரு சடங்குக்கு முன்பும் எண்ணைப் பார்க்காமல் கேமராவைத் தூக்குவதில்லை.

தூணுக்குப் பின்னால் நின்றவர்

இதை எழுதலாமா என்று யோசித்தேன். எழுதிவிடுகிறேன், கூட்டத்தில் பேசுங்கள்.

மாட வீதிக்குப் பக்கத்து மண்டபம் ஒன்று. பெண்ணை வளர்த்தது அவளுடைய பெரியம்மா. பள்ளிக்கூடம் கொண்டு விட்டது, காய்ச்சலுக்குக் கண் விழித்தது எல்லாம் அவர்தான். அவர் கைம்பெண். "சுமங்கலிகள் எல்லாம் மேடைக்கு வாங்க" என்று ட்ரெடிஷனல் படக்காரர் கூப்பிட, எல்லாரும் போனார்கள். இவர் சமையல்கட்டுப் பக்கம் ஒரு தூணுக்குப் பின்னால் நின்றார். யாரும் போகச் சொல்லவில்லை. அவராகவே போய் நின்றுகொண்டார். கெட்டிமேளத்தின்போது நான் மேடையை விட்டுத் திரும்பி அவரைப் பார்த்தேன். கையில் இருந்த அட்சதையை அங்கிருந்தே எறிந்தார். அது பாதி தூரம்கூடப் போகவில்லை. இரண்டு படம் எடுத்தேன்.

ஆல்பத்துக்குப் படம் தேர்ந்தெடுக்கும்போது பெண்ணின் அம்மா அதைப் பார்த்து, "இது எதுக்கும்மா? ஆல்பத்துல வேணாம்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கண் கலங்கித்தான் சொன்னார். பெண் வேண்டும் என்றாள். நான் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் ஆல்பத்தில் சேரவில்லை. தனியாக ஒரு பிரிண்ட் போட்டுப் பெண் கையில் கொடுத்தேன், அதற்குக் காசு வாங்கவில்லை. மேடையில் நடப்பதைத்தான் கல்யாணம் என்று ஆல்பம் சொல்கிறது. கேமரா வைத்திருக்கிற நாம் எந்தப் பக்கம் திரும்புகிறோம் என்பது நம் கையில் இருக்கிறது. ஆனால் அது ஆல்பத்தில் சேருவது நம் கையில் இல்லை. அன்று நான் அந்த அம்மாவிடம் ஒரு வார்த்தை பேசியிருக்க வேண்டுமா? உங்களில் எத்தனை பேர் இப்படித் தூணுக்குப் பின்னால் நின்றிருக்கிறீர்கள்?

படம் யாருக்குச் சொந்தம்?

எடுத்தது நாம்தானே என்று நினைப்போம். 1957-ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு வேறு மாதிரிச் சொல்கிறது. காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். ஆகவே விளம்பரத்துக்காக ஒரு படத்தை வாட்ஸ்அப்பிலோ இன்ஸ்டாகிராமிலோ போட வேண்டும் என்றால், வேலை ஒப்புக்கொள்ளும்போதே எழுதி வாங்குங்கள். ஒரு வெள்ளைத் தாள் போதும். தேதி, நேரம், எத்தனை படம், எப்போது கொடுப்போம், அட்வான்ஸ் எவ்வளவு, எந்தப் படங்களை வெளியிடலாம் என்று எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். பெண் வீட்டார் மட்டும் இல்லை, பெண்ணே கையெழுத்துப் போடட்டும்.

அடுத்தவர் பொருளை நாம் எடுப்பதிலும் கவனம் வேண்டும். 2022 ஜூனில் மாமல்லபுரத்தில் நடந்த நயன்தாரா திருமணத்தை வைத்து 2024 நவம்பரில் ஆவணப்படம் வெளிவந்தது. அதன் ட்ரெய்லரில் 'நானும் ரௌடி தான்' படப்பிடிப்புக் காட்சி 3 வினாடி வந்தது என்று 10 கோடி ரூபாய் கேட்டு நோட்டீஸ் போய், விவகாரம் சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்றது நினைவிருக்கும். பெரிய இடத்துச் சண்டை நமக்கு வேண்டாம். கல்யாண வீடியோவுக்குச் சினிமாப் பாட்டைப் போட்டு ஊருக்கெல்லாம் அனுப்பும் முன் இதை ஒரு தடவை நினைத்துக்கொள்ளுங்கள்.

கடன் வாங்கலாமா?

மந்தைவெளிச் சகோதரியின் கேள்விக்கு வருகிறேன். உடனே வேண்டாம். முதலில் மூன்று கல்யாணத்துக்கு வாடகைக் கேமராவோடு துணைப் படக்காரராகப் பெண்ணை அனுப்புங்கள். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து, பத்து மணி நேரம் நின்று, அப்புறமும் "அடுத்தது எப்பம்மா?" என்று கேட்டாளானால் யோசிக்கலாம்.

பழைய கேமரா, 50 மி.மீ. லென்ஸ், இரண்டு பேட்டரி, இரண்டு கார்டு, ஒரு ஹார்டு டிஸ்க் எல்லாம் சேர்த்து 60,000 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். குழுவில் மாதம் 1 சதவீத வட்டி, 24 தவணை. மாதம் அசல் 2,500. முதல் மாத வட்டி 600, ஆகக் கட்ட வேண்டியது 3,100. அசல் குறையக் குறைய வட்டியும் குறைந்து, கடைசி மாதம் 2,525 வரும். மொத்த வட்டி 7,500. கணக்கு இவ்வளவு சுலபம்தான், ஆனால் கல்யாணம் மாதா மாதம் வராது. ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது, புரட்டாசியிலும் பல வீடுகளில் செய்வதில்லை. தை, வைகாசி, ஆவணியில் வரும் பணத்திலிருந்து வறண்ட மூன்று மாதத் தவணையைத் தனியே எடுத்து வைக்காவிட்டால் குழுவில் தலைகுனிவுதான். இஸ்லாமியர் வீட்டு நிக்காஹ் ஆடி, மார்கழி பார்ப்பதில்லை. கிறிஸ்துமஸ் முடிந்த வாரத்தில் கிறிஸ்தவக் கல்யாணங்கள் உண்டு. மயிலாப்பூரில் மார்கழி என்றால் சபாக்களில் கச்சேரியும் நாட்டியமும். வளைகாப்பு, காது குத்து, பிறந்தநாள் எல்லாம் சின்ன வேலைதான் என்றாலும் தவணைக்கு ஆகும். குழுவுக்கு வெளியே என்றால் முத்ரா திட்டத்தின் சிஷு பிரிவில் 50,000 ரூபாய் வரை பிணை இல்லாமல் வங்கியில் கேட்கலாம். ஊரில் தங்கையோ மருமகளோ இருந்தால், வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்களில் புகைப்பட, வீடியோப் பயிற்சி இருக்கிறது என்று சொல்லுங்கள்.

பாதுகாப்பு பற்றிச் சுருக்கமாக. முதல் நாள் ரிசப்ஷன் முடிய இரவு 11 ஆகும், மறுநாள் முகூர்த்தம் விடியற்காலை. நடுவில் வீட்டுக்குப் போய் வர முடியாது. இரண்டு பெண்களாகப் போங்கள். பூட்டுள்ள அறை, சாப்பாடு, வண்டிக் காசு மூன்றையும் வேலை ஒப்புக்கொள்ளும்போதே கேளுங்கள். வெட்கப்பட்டு விட்டுவிட்டால் பந்தியில் கடைசி இலைகூடக் கிடைக்காது. வீட்டுக்கு வந்ததும், தூக்கம் வந்தாலும், படங்களை இரண்டு இடத்தில் ஏற்றிவிட்டுப் படுங்கள். இரண்டு இடத்திலும் திறந்து பார்க்கும் வரை கார்டை அழிக்காதீர்கள்.

அடுத்த கூட்டத்துக்குள் செய்து பார்க்க

கேமரா வேண்டாம், கையில் இருக்கும் செல்போன் போதும். உங்கள் குழுக் கூட்டத்தையே 10 படம் எடுங்கள். எடுக்கப் போவதைத் தலைவியிடமும் உறுப்பினர்களிடமும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஃபிளாஷ் கூடாது, யாரும் போனைப் பார்க்கவும் கூடாது. சந்தா எண்ணும் விரல்கள், கடன் கேட்கத் தயங்கும் முகம், மடியில் தூங்கும் குழந்தை என்று எதை வேண்டுமானாலும் எடுக்கலாம். யாராவது அழிக்கச் சொன்னால் அவர் கண் முன்னாலேயே அழியுங்கள். மீதியில் நல்லது இரண்டை பிரிண்ட் போட்டு எடுத்து வாருங்கள். கூட்டமைப்பு அலுவலகத்தில் பீரோவுக்குப் பக்கத்துச் சுவர் காலியாகத்தான் இருக்கிறது.